செட்டியார் வரலாறும் நாம் வரலாறு எழுதும் முறையும்

பெரியோர் வாழ்க்கை வரலாற்றை எழுதுங்கால் நம்மவர் பெரிதும் கையாளும் முறை ஒன்று உண்டு. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், ஈட்டிய பொருள், வகித்த பதவி, பெற்ற பட்டம், செய்த கொடை, மறைந்த ஆண்டு ஆகிய இவ்வேழையும் வரிசையாக நிறுத்தி, இடையிடையே 'முதன்முதலாக' என்னும் சொல்லைப் பெய்துவிட்டால் வரலாறு முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். பள்ளிகளிலும் மாணவர்க்கு இவ்வழியையே காட்டுகிறோம். இம்முறை எளிது, திருத்துவதற்கும் வசதியானது. ஆனால் எந்த மனிதரைப் பற்றி எழுதுகிறோமோ அவரையே இது மறைத்துவிடுகிறது. இதற்குத் தக்கதொரு சான்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் வணிகராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கிய கஜுலு இலட்சுமிநரசு செட்டியாரின் வரலாறு.

செட்டியாரைப் பற்றி வழக்கமாகக் கூறப்படுவனவற்றை முதலில் தொகுத்துக்கொள்வோம். அவர் 1806இல் சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வணிகர். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லை. இளமையிலேயே தந்தையாரின் கடையில் தொழில் பழகி, துணி வாணிபத்திலும் அவுரி வாணிபத்திலும் பெரும்பொருள் ஈட்டினார். 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். 1863இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். பொதுத்தொண்டில் தம் பொருளையெல்லாம் கரைத்து, 1868இல் வறிய நிலையில் மறைந்தார்.

இக்குறிப்புகளில் பிழையில்லை. எனினும் இவற்றைப் படித்து முடித்த மாணவன் ஒருவனை நோக்கி, "இவர் செய்தது என்ன?" என்று வினவினால், "பதவி வகித்தார், கொடை கொடுத்தார்" என்பதற்குமேல் அவனால் விடை கூற இயலாது. நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே அளவினவாக நிற்கின்றன. சட்டசபை உறுப்பினர் பதவியோ இறுதியில் வந்து, ஏனையவெல்லாம் அதற்கு ஏறிச்செல்லும் படிகள் என்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. அத்தோற்றம் முற்றிலும் தவறானது.

அப்பதவியின் அளவை முதற்கண் ஆராய்வோம். 1861ஆம் ஆண்டின் இந்தியச் சபைகள் சட்டப்படி அமைந்தது அச்சபை. உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநரே நியமித்தார். செட்டியாருக்கு முன்னரே வெ. சடகோபாச்சாரியார் அச்சபையில் இடம்பெற்றிருந்தார். ஆதலின் 'முதல் இந்திய உறுப்பினர்' என்னும் சிறப்பும் செட்டியாருக்கு உரியதன்று. அரசு முன்வைக்கும் சட்ட முன்வரைவைப் பற்றிக் கருத்துரைப்பதே உறுப்பினரின் பணி. ஆட்சியாளரை வினாக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பற்றி வாதிடும் உரிமையும் இல்லை. இவ்விரண்டும் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான், அதுவும் பல கட்டுப்பாடுகளோடு, கிடைத்தன. 'சட்டசபை உறுப்பினர்' என்று மட்டும் நாம் எழுதினால், மாணவன் இன்று நம் மாநிலங்களில் வாக்குப் பெற்று வரும் உறுப்பினரையே மனத்தில் கொள்வான். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. பதவியின் பெயரைக் கூறி அதன் அதிகாரத்தைக் கூறாமல் விடுவது பாதி உண்மையே.

அங்ஙனமாயின் செட்டியாரின் உண்மையான பணி எங்கே இருக்கிறது? அப்பதவிக்குப் பதினோராண்டு முன்னர், எந்த அதிகாரமும் இல்லாத தனி மனிதராக அவர் இருந்த காலத்தில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியுரிமையை இங்கிலாந்துப் பாராளுமன்றம் இருபதாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தது. 1833இல் புதுப்பித்த உரிமை 1853இல் மீண்டும் ஆராய்ச்சிக்கு வரவிருந்தது. அவ்வேளையில் தங்கள் குறைகளைப் பாராளுமன்றத்துக்கு நேரே எடுத்துரைக்க இந்தியர் முனைந்தனர். கல்கத்தாவில் 1851இல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றியது. அதன் கிளையாகவே 1852 பிப்ரவரியில் சென்னைச் சங்கம் தொடங்கிற்று. ஆனால் அவ்வாண்டிலேயே அது கல்கத்தாவினின்றும் பிரிந்து தனிச் சங்கமாயிற்று. பெரும்பாலான வரலாறுகள் இப்பிரிவினையை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. அதன் காரணம் அறிந்தாலன்றிச் செட்டியாரை அறிதல் இயலாது.

வங்காளத்தில் 1793 முதல் ஜமீன்தாரி முறை நிலவியது. அரசுக்கு வரி செலுத்துபவர் ஜமீன்தார். ஆகவே கல்கத்தாச் சங்கம் பெரிதும் ஜமீன்தார்களின் சங்கமாக இருந்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலவியதோ, தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த இரயத்துவாரி முறை. இம்முறையில் உழவனுக்கும் அரசுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. ஒவ்வோர் உழவனிடமும் அரசின் ஊழியரே நேரில் வந்து வரி தண்டினர். மழை பொய்த்தாலும் வெள்ளம் பெருகினாலும் உழவன் முறையிட வேண்டியது அவ்வூழியரிடமே. அவனை வருத்துபவரும் அவரே. கல்கத்தாவில் எழுதும் விண்ணப்பத்தில் இத்துயரம் இடம்பெறாது என்பதை உணர்ந்தே சென்னையார் பிரிந்தனர். நிலவரியின் கொடுமை, உப்பு வாணிபத்தை அரசு தன் தனியுரிமையாக வைத்திருத்தல், நீதிமன்றங்களின் தாமதமும் செலவும், பாசன வேலைகளும் சாலைகளும் புறக்கணிக்கப்படுதல், கல்வியின் குறைவு ஆகியவற்றை அவர்களின் விண்ணப்பம் எடுத்துரைத்தது. இவற்றோடு, வரி தண்டுவதற்காக மக்களின் உடலை வருத்தும் வழக்கம் நாட்டில் உள்ளது என்னும் செய்தியையும் அது வெளிப்படையாகக் கூறிற்று.

அவ்வழக்கம் எத்தகையது என்பதை மறைக்காமல் கூறுதல் வேண்டும். 'கிட்டி' என்பது விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் கருவி. 'கிட்டி போடுதல்' என்னும் சொல்வழக்கு நம் பேச்சில் இன்றளவும் எஞ்சியிருக்கிறது. அதன் பிறப்பிடத்தை நாம் மறந்துவிட்டோம். கிட்டியன்றி, ஒருவரைக் குனிய வைத்துக் கட்டி, வெயிலில் நிறுத்தி, முதுகில் கல்லேற்றுவதும் உண்டு. வரி தண்டும் தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் இருந்தமையால், வருந்தியவன் முறையிடச் செல்லும் இடமும் வருத்தியவன் இருக்கும் இடமும் ஒன்றேயாயின.

கம்பெனியைச் சார்ந்தோர் இக்குற்றச்சாட்டைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். செட்டியார் வெறும் விண்ணப்பத்தோடு நின்றிருந்தால் செய்தி அத்துடன் முடிந்திருக்கும். பாராளுமன்ற உறுப்பினராகிய டான்பி சீமோர் என்பார் 1853இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்று விருந்தளித்ததோடு அமையாது, சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று உழவரின் நிலையை நேரில் காணச் செய்தார். தம் கட்சிக்குச் சான்றாகத் தம் சொல்லை வைக்காமல், கேட்பவரின் கண்ணையே வைத்தார் என்க. இதுவே வணிகரின் அறிவு. சரக்கைப் பற்றிப் பேசுவதைவிட மாதிரியைக் காட்டுவது மேல் என்பது கடைவீதி கற்பித்த பாடம் அன்றோ?

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இச்செய்தி விவாதத்துக்கு வந்தது. சீமோர் தாம் அறிந்ததை எடுத்துரைத்தார். கம்பெனியின் பழைய ஊழியர் சிலர் மறுத்தனர். அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வழிநடைச் செலவைத் தாமே ஏற்று மக்கள் சென்னைக்கு வந்தனர். வர இயலாதவர் மடல் வரைந்தனர். இவ்வாறு நேரிலும் மடல் வழியும் ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குழுவுக்குக் கிடைத்தன. 1855இல் குழு தன் அறிக்கையை அளித்தது. துன்புறுத்தல் நிகழ்கிறது, பரவலாக நிகழ்கிறது என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆயினும் குற்றம் முழுவதையும் கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் சுமத்தி, மேலிருந்த ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. 1857இல் நியூயார்க் நகரத்து நாளிதழ் ஒன்றில் காரல் மார்க்ஸ் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி, மேலதிகாரிகளும் பொறுப்பினின்றும் தப்ப முடியாது என்று வாதிட்டார். சென்னை வணிகர் ஒருவர் தொடங்கிய வழக்கு ஐந்தாண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவிட்டது. 1859இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் இயற்றப்பட்டு, வரி தண்டும் துறையினின்றும் காவல்துறை பிரிக்கப்பட்டது. துன்புறுத்தல் அன்றோடு ஒழிந்தது என்று கூறுவதற்கில்லை. எனினும், அடிப்பவனே நீதியும் வழங்குபவனாக இருந்த அமைப்பு உடைந்தது.

ஒரு வரலாற்றாசிரியர் செட்டியாரைப் பற்றி ஐம்பது வரி எழுதினால், அவற்றுள் முப்பது இப்பகுதிக்கு உரியன. நாம் எழுதும் வரலாறுகளிலோ இஃது இரண்டு வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

தமிழாசிரியர்க்கு இதில் தனியானதோர் ஈடுபாடு இருத்தல் வேண்டும். வரியின் சுமையை அரசனுக்கு எடுத்துரைத்தல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. யானை தானே வயலுள் புகுந்து உண்டால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகும் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உணர்த்திய பாடலைப் புறநானூற்றில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். வெள்ளைக்குடி நாகனார் சோழனைக் கண்டு பாடித் தம் நிலத்தின் பழைய வரிக்கடனைத் தள்ளுபடி பெற்றதையும் அந்நூலே கூறுகிறது. அப்புலவர்களுக்கு அரசன் எதிரே இருந்தான், செவி கொடுத்தான். செட்டியார் காலத்து மக்களுக்கு அரசு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. அதன் மொழியும் வேறு. ஆதலின் பாட்டு விண்ணப்பமாயிற்று; புலவரின் இடத்தில் வணிகர் நின்றார். துறை ஒன்றே, காலம் மாறிற்று. புறநானூற்றைக் கற்பிக்கும் நாம் இவ்விண்ணப்பத்தின் கதையையும் அருகில் வைத்துக் கற்பித்தால், இலக்கியம் இறந்த காலத்தது என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தினின்றும் நீங்கும்.

செட்டியார் தெலுங்கு மொழிக் குடும்பத்தினர் ஆயிற்றே, அவரைத் தமிழாசிரியர் ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவுதல் கூடும். அவருடைய வீட்டில் எம்மொழி வழங்கிற்று என்பது ஈண்டுக் கேள்வியன்று. அவர் சீமோரை அழைத்துச் சென்று காட்டிய நிலங்களில் தமிழும் தெலுங்கும் பேசும் உழவர் இருவரும் கிட்டிக்கு உள்ளாயினர். துன்பத்தைச் சாதியாலும் மொழியாலும் பிரிக்காத ஒருவரை நாம் பிரித்துப் பார்ப்பது முறையன்று.

நிற்க. புகழ்ச்சியோடு முடிப்பது திறனாய்வு ஆகாது. செட்டியாரின் வரலாற்றில் நம்மவர் தொடாமல் விடும் பகுதி ஒன்றுண்டு. 'கிரசென்ட்' தொடங்கிய காலத்தில் அவருடைய முதன்மையான எதிர்ப்பு கிறித்துவ மதபோதகர்மேல் இருந்தது. அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் முயற்சியை அவர் எதிர்த்தார். அரசு எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக நிற்றல் வேண்டும் என்னும் அக்கொள்கை நேரியதே. ஆனால் மதம் மாறியவருக்கும் மூதாதையர் சொத்தில் உரிமை உண்டு என்னும் சட்டத்தையும் அவரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்தனர். 1850இல் நிறைவேறிய அச்சட்டம், சாதியினின்றும் நீக்கப்பட்டவரின் உரிமையையும் காத்தது. உடல் வருந்தியவனுக்காகப் பாராளுமன்றம் வரை சென்றவர், மனச்சான்றின்படி மதம் மாறியவனின் சொத்துரிமைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத நமக்குத் துணிவு வேண்டும்.

மற்றொன்று, நம் தோட்டத்து மக்களை நேரே தொடுவது. சங்கத்தின் விண்ணப்பத்தில் நடுவிடம் பெற்றவன் வரி செலுத்தும் உழவன்; அதாவது, பட்டா உடையவன். அவனுடைய நிலத்தில் வேலை செய்த பண்ணையாளுக்கும் படியாளுக்கும் பட்டா இல்லை. ஆகவே வரியும் இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் இடமும் குறைவு. வரியின் அடி உழவன்மேல் விழுந்தால், உழவனின் அடி அவனுக்குக் கீழிருந்தவன்மேல் விழும். அவனுடைய முறையீட்டை எடுத்துச் செல்ல எந்தச் சங்கமும் இல்லை. பிற்காலத்தில் தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவருள் பெரும்பகுதியினர், நிலமற்ற இக்கூலி மக்களும், நிலமிருந்தும் கடனால் இழந்தவருமே. செட்டியாரின் விண்ணப்பம் நம் முன்னோர் வாழ்ந்த ஊரின் கதவைத் தட்டிற்று. ஆனால் அவர்களிற் பலருடைய குடிசை வரை வரவில்லை. லெம்பா பெர்த்தாம் போன்ற மலைத்தோட்டங்களில் அம்மக்களின் வழிவந்த பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் இக்குறையை மறைத்தல் தகாது. மறைப்பதால் செட்டியாரின் பெருமை உயரப்போவதில்லை. பிள்ளைகளின் அறிவுதான் குறையும்.

இவ்வாறு இருபுறமும் காட்டும் வரலாறு ஏன் எழவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. செட்டியாரின் வாழ்க்கைச் சித்திரத்தை வரைந்தவருள் முற்பட்டவர் ஜி. பரமேசுவரன் பிள்ளை. தென்னாட்டுப் பெருமக்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1896இல் வெளிவந்தது. அது காங்கிரஸ் மகாசபை தோன்றிப் பதினோராண்டு கழிந்த காலம். சென்னை மகாஜன சபை 1884 முதல் இயங்கி வந்தது. புதிய இயக்கத்தாருக்கு முன்னோடிகள் தேவைப்பட்டனர். தந்நலமற்ற தலைவர், தம் பொருளெல்லாம் பொதுவுக்கு ஈந்து வறியரானவர் என்னும் சித்திரம் அக்காலத் தேவைக்குப் பொருந்தியது. இதில் தவறில்லை, ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய முன்னோரைத் தேடிக்கொள்ளும். அச்சித்திரத்தை ஆராயாமல் நூறாண்டுக்கு மேலாகப் படியெடுத்து வருவதே தவறு.

வறுமையில் மறைந்தார் என்னும் செய்தியையே எடுத்துக்கொள்வோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் குமணனையும் கற்ற நமக்கு, செல்வர் ஒருவர் வறியரானார் என்றால் உடனே வள்ளல் என்று சொல்லத் தோன்றும். செட்டியாரின் செலவு அவ்வகைக் கொடையன்று. நட்டம் வந்தாலும் நிற்காமல் இதழ் நடத்தியது, விண்ணப்பங்களை அச்சிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பியது, சங்கத்தைக் காத்தது ஆகிய இவை அரசியற் பணிக்கான முதலீடுகள். இரந்தவர்க்கு ஈதல் ஓர் அறம். இரவாமல் உரிமை கேட்கும் வழியை அமைத்தல் மற்றோர் அறம். இவ்விரண்டையும் 'வள்ளல்' என்னும் ஒரு சொல்லில் அடக்குவது இரண்டாவதன் அருமையைக் கெடுப்பதாகும்.

நம் நாட்டிலும் இதே குறையைக் காண்கிறோம். தம்புசாமி பிள்ளை என்றதும் பத்துமலையும் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசு எழுத்தராகத் தொடங்கியவர் லோக் யூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியதையும், 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தின் அறங்காவலருள் ஒருவராக இருந்ததையும் எத்தனை மாணவர் அறிவர்? கோயில் கட்டினார் என்பது உண்மை. அதனுள் வணிகரும் நிருவாகியும் ஆகிய மனிதர் மறைந்துவிட்டார் என்பதும் உண்மை.

தமிழில் நல்ல வாழ்க்கை வரலாறு எழுத முடியாதா என்றால், முடியும் என்பதற்கு உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதிய நூலே சான்று. ஆசிரியரின் கவித்திறத்தைப் போற்றும் அந்நூல் அவருடைய கடனையும் மனத்தளர்ச்சியையும் மறைக்கவில்லை. அதனால் பிள்ளையவர்கள் சிறுமையுறவில்லை. நம்முன் உயிரோடு நடமாடுகிறார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, வணிகரின் வாழ்விலும் நுண்மையும் சுவையும் உண்டு என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டது. புலவருக்குச் செய்ததை வணிகருக்கும், ஆட்சிமன்றம் புகுந்தவருக்கும் நாம் இன்னும் செய்யவில்லை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கும் கருத்து இதுவே. வாழ்க்கை வரலாறு எழுதப் பணிக்கும்போது, ஏழு தலைப்புகளைத் தருவதற்கு மாறாக நான்கு வினாக்களைத் தருவோம். இவர் வாழ்ந்த காலத்தில் யாருக்கு என்ன துன்பம் இருந்தது? அதைப் பற்றி இவர் செய்தது என்ன? அப்பணியால் மாறியது எது, மாறாதது எது? இவருடைய கண்ணுக்குப் படாமல் நின்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் நூலகம் செல்வான்; முதியோரைக் கேட்பான்; படித்ததை ஒப்புநோக்குவான். பதவிகளின் பெயர்கள் அவனுக்கு மறந்துபோகலாம். எவனுடைய விரல் கிட்டியில் நசுங்கிற்று, அதைப் பாராளுமன்றத்தில் சொல்ல வைத்தவர் யார், எவனுடைய குரல் அப்பொழுதும் கேட்கப்படவில்லை என்பன மறவா. செட்டியார் 1863இல் அமர்ந்த நாற்காலியைவிட, 1852இல் அனுப்பிய விண்ணப்பமே அவருக்கு உரிய நினைவுச்சின்னம். அதில் இடம்பெறாதவர்களின் விண்ணப்பத்தை எழுதும் கடமை, அவர்கள் வழிவந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நம்மைச் சார்ந்தது.